மாமனுக்கு முதல் பத்திரிகை

குடவாசல் வட்டாரத்தில் நடவுக்கு ஆள் வேண்டுமென்றால் மலர்க்கொடியிடம்தான் வருவார்கள். முப்பது பெண்களைச் சேற்றில் இறக்கி, பொழுது சாய்வதற்குள் மூன்று ஏக்கரை முடித்துக் கரையேற்றுகிற பெண் அவள். வாயும் கொஞ்சம் நீளம். கூலியில் கை வைக்க நினைத்த பண்ணைக்காரர்கள் அவள் குரலைத் தெருமுனையில் கேட்டாலே கொல்லைப்புறமாக நழுவியிருக்கிறார்கள். அப்பேர்ப்பட்டவள் இந்த ஐம்பத்து மூன்று வயதுக்குள் பயந்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான். அந்த ஆளுக்குக் கால் கழுவிவிட்டு, மூக்குச் சிந்திவிட்டு வளர்த்ததே அவள்தான் என்பது வேறு கதை.

தம்பி நெடுமாறன் அவளுக்கு எட்டு வயது இளையவன். அம்மா தங்கம்மாள் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. பள்ளிக்கூடப் பையைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டுத் தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள் மலர்க்கொடி. அப்பா வீரையன் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் செங்கொடி பிடித்த மனிதர். ஊர் ஊராகக் கூட்டம் என்று திரிவார். வரப்பு மரத்தில் ஏணை கட்டிப் பிள்ளையைக் கிடத்திவிட்டுப் பத்து வயதில் அவள் நடவில் இறங்கினாள். அந்தக் கூலியில்தான் அவன் படித்தான், திருவாரூரில் டிப்ளமோ முடித்தான், இருபத்திரண்டு வயதில் சிங்கப்பூருக்குப் பிளேன் ஏறினான். அங்கேயே நிலைத்து, அந்த ஊர்க் குடிமகனாகி, அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டான். அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. என் தம்பி சிங்கப்பூர் என்று சொல்லும்போது முதுகு தானாக நிமிரும்.

குறை வந்தது அப்பா செத்த பிறகுதான். சங்கத்துக்காரர்கள் போராடி வாங்கிக் கொடுத்ததில் வீரையனுக்கு மூன்று மா நிலம் கிடைத்திருந்தது. ஏறக்குறைய ஒரு ஏக்கர். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, நெடுமாறன் ஒரு காகிதத்தை எடுத்து அக்கா முன்னால் வைத்தான். பெண் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். இந்தப் பக்கத்தில் உடன்பிறந்தவள் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவதுதான் வழக்கம். ஆனால் அவள் புருஷன் இராஜாங்கம் அந்த வருஷம்தான் தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடந்தான். மகள் பூவிழி அப்போது எட்டாம் வகுப்பு. "இந்த வருசம் போவட்டும் தம்பி," என்று மட்டும் சொன்னாள். அவன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மறுநாள் கிளம்பிப் போனான்.

அதற்குப் பிறகு அவன் ஊர்ப் பக்கம் வரவில்லை. பொங்கலுக்குச் சீர் வருவது நின்றது. போன் வருவது குறைந்து, அதுவும் நின்றது. கோபம், வேறென்ன? ஊரே சொன்னது. பதினோரு வருஷமாக அந்த மூன்று மா நிலத்தை உழுது, நட்டு, அறுத்துத்தான் அவள் புருஷனுக்கு மருந்தும் மகளுக்குப் படிப்பும் பார்த்தாள். ஆனால் ஒவ்வொரு முறை சோற்றில் கை வைக்கும்போதும், தம்பியின் கோபத்தைப் பிசைந்து தின்பதாகவே அவளுக்குத் தோன்றும்.

இப்போது பூவிழிக்குக் கல்யாணம். தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். மாப்பிள்ளை கீழ்வேளூர்ப் பக்கம், நல்ல இடம். ஆவணியில் முகூர்த்தம். நிச்சயத்தின்போது மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள்: "தாய்மாமன் சிங்கப்பூருன்னீங்களே, வந்து நிப்பாருல்ல?" பெண்ணைக் கைபிடித்து மணவறைக்கு அழைத்து வருகிறவன் தாய்மாமன். மாமன் செத்துப் போயிருந்தால் பங்காளி ஒருவன் நிற்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். உயிரோடு இருக்கிற மாமன் வராமல் இருந்தால் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. "வராம எங்க போவான்?" என்று சொல்லிவிட்டாள் மலர்க்கொடி.

குலசாமிக்கு வைத்த பிறகு முதல் பத்திரிகை மாமனுக்குத்தான். அவனுக்கு வைக்காமல் ஊரில் வேறு எவருக்கும் வைக்க முடியாது. ஆடிப் பதினெட்டு கழியும்வரை பத்திரிகையையே தொடக்கூடாது. ஆக, அச்சடித்து வந்த முந்நூறு பத்திரிகையும் கட்டுப் பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது.

"வாட்ஸ்ஆப்ல அனுப்பும்மா. போன்ல பேசு," என்றாள் பூவிழி.

"மாமனுக்குப் போன்லயாடி பத்திரிகை வைப்பாங்க? தட்டோட வாசல்ல போயி நிக்கணும். கோவமா இருக்குறவன் கால்ல வேணும்னாலும் விழலாம், போன்ல எப்படி விழுவுறது?"

"சரி, வர்றோம்னாவது ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ."

"வராதன்னு சொல்லிட்டான்னா? அப்பறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு போறது?"

விசா, டிக்கெட் எல்லாவற்றையும் பூவிழியே பார்த்துக்கொடுத்தாள். மலர்க்கொடி தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தாள். யாரிடமும் சொல்லாமல் பதிவு ஆபீசுக்குப் போய், பதினோரு வருஷம் போடாத கையெழுத்தைப் போட்டாள். விட்டுக்கொடுக்கிறவர் வந்தால் போதும் என்று பத்திரம் எழுதுகிறவர் சொல்லியிருந்தார். அன்றோடு அந்த நிலத்தில் அவளுக்கு ஒரு பிடி மண்கூடச் சொந்தமில்லை. இராஜாங்கத்திடம் ராத்திரி சொன்னபோது அவன் மோட்டுவளையைப் பார்த்தான். பிறகு, "புள்ள கல்யாணம் நல்லா நடக்கட்டும்," என்றான். சம்பாவுக்கு அந்த நிலத்திலேயே நாற்றங்கால் விட்டுவிட்டு, நாலாம் நாள் அவள் திருச்சியில் பிளேன் ஏறினாள்.

பக்கத்து ஊர் ஜெகபர் அலி சிங்கப்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறவர். லீவு முடிந்து திரும்பியவர் அதே பிளேனில் அவளை அழைத்துப் போனார். தேக்கா கடைத்தெருவில் இறங்கி வெற்றிலையும் பூவும் வாங்கிக் கொடுத்தார். தெருவெல்லாம் கொடி. அடுக்குமாடி அடுக்குமாடியாக, ஒவ்வொரு மாடியின் கைப்பிடிச் சுவரிலும் சிவப்பும் வெள்ளையுமாகத் தொங்கியது. எதிரே வருகிற குழந்தை குட்டியெல்லாம் சிவப்புச் சட்டை.

"என்னண்ணே, மாநாடா?" என்றாள். சிவப்பைக் கண்டால் அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ஜெகபர் அலி சிரித்தார். "இவங்க நாட்டுக்கு இன்னைக்குப் பொறந்தநாள்க்கா. ஊரே லீவு. நல்ல நாளாப் பாத்துதான் வந்திருக்கீங்க."

நல்ல நாள் என்ற சொல்லை அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள். பதினோராவது மாடியில் லிஃப்ட் நின்றது. கதவைக் காட்டிவிட்டு, நாளை மறுநாள் காலையில் வந்து ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லி ஜெகபர் அலி இறங்கிப் போனார். மலர்க்கொடி நடைபாதையிலேயே குந்தி உட்கார்ந்து, பையிலிருந்த பித்தளைத் தட்டை எடுத்துத் துடைத்து, வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், பூ, பழம், பத்திரிகை எல்லாம் அடுக்கினாள். பத்திரத்தைப் பையிலேயே வைத்தாள். அது கடைசி ஆயுதம். கதவை முகத்தில் சாத்தினால் என்ன சொல்வது, திட்டினால் என்ன சொல்வது என்று எல்லாவற்றுக்கும் பிளேனில் பாடம் செய்து வைத்திருந்தாள்.

கதவைத் திறந்தவள் தம்பி பெண்டாட்டி விஜயலட்சுமி. சிவப்பு பனியன் போட்டிருந்தாள். ஒரு நிமிஷம் அடையாளம் தெரியாமல் பார்த்தாள். உள்ளேயிருந்து நெடுமாறன் எட்டிப் பார்த்தான். தலை பாதி நரைத்திருந்தது. அப்பாவின் முகம் அப்படியே வந்திருந்தது.

"அட, அக்கா! என்னக்கா இது, சொல்லாம கொள்ளாம? உள்ள வா, உள்ள வா."

சிரித்தான்! அவள் எதற்கெல்லாமோ தயாராக வந்திருந்தாள், சிரிப்புக்குத் தயாராக வரவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. கோபம் ஆறிவிட்டது, நான்தான் முன்னாடியே வந்திருக்க வேண்டும், பாவி நான், என்று மனசுக்குள் அடித்துக்கொண்டாள். பதினோரு வருஷத்தில் இவ்வளவு சந்தோஷம் அவளுக்கு வந்ததில்லை.

"யாரோட வந்த? எங்க தங்கியிருக்க?" என்றான்.

"இங்கதான் தம்பி. ரெண்டு நாளு."

"ஓ. சரி சரி. இருக்கட்டும்."

விஜயலட்சுமி புருஷனைப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். "வாங்க அண்ணி. தப்பா நினைக்காதீங்க, நாங்க கிளம்பிட்டு இருக்கோம். அணிவகுப்புக்கு டிக்கெட். குலுக்கல்ல விழணும் அது. ஏழு வருஷமா போட்டு, இந்த வருஷம்தான் கிடைச்சது." மூன்று பேருக்கு மூன்று டிக்கெட். பதினான்கு வயது மகள் அறைக்குள்ளிருந்து வந்து, "ஹலோ ஆன்ட்டி," என்றாள். அத்தைடி நான், என்று சொல்ல வந்ததை மலர்க்கொடி விழுங்கிக்கொண்டாள்.

"தட்ட மட்டும் வாங்கிக்க தம்பி. ஒரு நிமிசம்."

"வந்து நிதானமா வாங்கிக்கிறேன்க்கா. அங்க கேட்டச் சாத்திருவாங்க. டிவியப் போட்டுட்டுப் போறேன், பாரு. எங்களையும் காட்டுவான், தேடு!"

சாப்பாடு மேசையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மூன்று சிவப்புச் சட்டைகளும் லிஃப்டுக்கு ஓடின.

அவள் சாப்பிடவில்லை. பகை தீர்க்கப் போன வீட்டில், தட்டை வாங்கிக்கொள்ளும் முன்னால் கை நனைக்கக்கூடாது. அது அவர்கள் முறை. தண்ணீர் மட்டும் குடித்தாள். தட்டைச் சின்ன மேசையில் வைத்து, அதன் எதிரே தரையில் உட்கார்ந்து டிவியைப் பார்த்தாள். பட்டாளத்துக்காரர்கள் வரிசை பிசகாமல் நடந்தார்கள். நடவு வரிசைகூட இவ்வளவு நேராக இருக்காது என்று நினைத்தாள். சுற்றிலும் ஆயிரம் ஆயிரமாக ஜனம், அத்தனையும் சிவப்பு. கேமரா ஜனத்தின் மேல் ஓடும்போதெல்லாம் முட்டியால் நகர்ந்து டிவிக்கு ஒரு சாண் கிட்டே போய்த் தேடினாள்.

இப்படி ஒரு தடவை தேடியிருக்கிறாள். கீழ்வேளூர் மாநாட்டுக்கு அப்பா இரண்டு பேரையும் லாரியில் ஏற்றிப்போன வருஷம். அவனுக்கு நாலு வயது. செங்கொடிக் கூட்டத்தில் கையை விட்டுவிட்டான். பன்னிரண்டு வயதுப் பெண் அத்தனை கால்களுக்கு நடுவிலும் புகுந்து புகுந்து, அவன் அழுகிற சத்தத்தை வைத்தே பிடித்துவிட்டாள். பிடித்ததும் முதுகில் நாலு வைத்தாள், பிறகு அவனைக் கட்டிக்கொண்டு அவளும் அழுதாள். இங்கே யாரும் அழவில்லை. எல்லாரும் சின்னக் கொடியை ஆட்டிச் சிரித்தார்கள். கட்டடம் அதிர விமானங்கள் பறந்து போயின. இருட்டியதும் வானவேடிக்கை விட்டார்கள். அது டிவியிலும் தெரிந்தது, ஜன்னலிலும் தெரிந்தது. கடைசிவரை அவள் தம்பியைக் காட்டவே இல்லை. பசியும் பயணக் களைப்பும் சேர்ந்து, தட்டின் பக்கத்திலேயே முந்தானையை விரித்துப் படுத்துத் தூங்கிப்போனாள்.

மறுநாளும் அவர்களுக்கு விடுமுறை. காலையில் நெடுமாறன் காப்பி டம்ளரோடு வந்து சோபாவில் உட்கார்ந்தான். மலர்க்கொடி குளித்து, வேறு சேலை கட்டி, தட்டை இரண்டு கையாலும் ஏந்தி நின்றாள். வெற்றிலை ஓரம் வாடியிருந்தது.

"பூவிழிக்குக் கல்யாணம் தம்பி. ஆவணியில. நீதான் வந்து முன்ன நின்னு நடத்தித் தரணும்."

"அடேங்கப்பா, பூவிழிக்கா? சந்தோஷம்க்கா." டம்ளரை வைத்துவிட்டு, உட்கார்ந்தபடியே தட்டை வாங்கிப் பக்கத்தில் வைத்தான். பத்திரிகையைப் பிரித்துத் தேதியைப் பார்த்தான். "அய்யய்யோ. செப்டம்பர். பாப்பாவுக்குப் பரீட்சை நேரம்க்கா. எனக்கும் லீவு எடுக்க முடியாது. வீடியோ கால் போடுங்க, முழுக்கப் பாக்குறோம்."

இப்போது தெரிந்துவிட்டது, கோபம் ஆறவில்லை என்று. சிரிப்பெல்லாம் வெளிப்பூச்சு. உள்ளே அப்படியே வைத்திருக்கிறான். அவள் பையைத் திறந்து பத்திரத்தை எடுத்தாள். அவன் காலடியில், தரையில் உட்கார்ந்தாள்.

"எம்மேல இருக்குற கோவத்த விட்டுரு தம்பி. அன்னைக்கு நான் போடாதது தப்புதான். இந்தா, பதிஞ்சே கொண்டாந்துட்டேன். மூணு மாவும் உன் பேருக்குதான். அந்தப் புள்ள கையப் புடிச்சி மணவறைக்குக் கூட்டியார மட்டும் வந்துரு. ஒரே நாளு."

நெடுமாறன் பத்திரத்தை வாங்கிப் புரட்டினான். நெற்றியைச் சுருக்கினான். "என்னக்கா இது? என்ன போடாதது?"

"அப்பா கருமாதியன்னைக்கி நீ நீட்டுன பத்திரம்."

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். அவள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வளர்த்தவளுக்குத் தெரியாதா, நடிக்கிறானா இல்லையா என்று. "ஆமா, ஏதோ ஒரு பேப்பர் எடுத்தாந்தேன்ல," என்று ஞாபகம் வந்து சிரித்தான். "அதுக்கா? எனக்கு என்னக்கா கோவம்? நான் அத அப்பவே மறந்துட்டேன். இங்க வந்தா நேரம் எங்க இருக்கு? வேலை, வீடு, பாப்பா படிப்பு... அப்படியே ஓடிப்போச்சு. கோவமெல்லாம் ஒண்ணும் கிடையாது."

"அப்ப ஏன் வரல?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"வரணும்னு தோணலக்கா," என்றான். அதில் துளி வன்மம் இல்லை. மழை பெய்யவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னான்.

பிறகு பத்திரத்தை மறுபடி புரட்டினான். "இருந்தாலும் நல்லதாப் போச்சு. அந்தப் பக்கம் ஒருத்தர் போன் பண்ணி விலைக்குக் கேட்டுக்கிட்டே இருந்தாரு. அக்கா பங்கு இருக்குன்னு நான்தான் பேசாம விட்டுட்டேன். இனிமே சுலபம்." செல்போனை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்தான்.

"நாத்து விட்டிருக்கேன் தம்பி."

"இந்தச் சம்பாவ அறுத்துக்கக்கா. தை வரைக்கும் உன்ன யாரு கேக்கப் போறா?" தாராளமாகச் சொன்னான். விஜயலட்சுமி உள்ளேயிருந்து, "அண்ணி, நேத்தே ஒண்ணும் சாப்பிடலையே, இட்லி வச்சிருக்கேன் வாங்க," என்று கூப்பிட்டாள்.

மலர்க்கொடி எழுந்து போனாள். பகையே இல்லை என்று ஆன பிறகு, சாப்பிடாமல் இருக்க என்ன காரணம் இருக்கிறது? கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து, வைத்த நாலு இட்லியையும் தின்றாள். கோபமாக இருந்திருந்தால் தேவலை. கோபமென்றால் அவனுக்குள் எங்கேயோ ஒரு மூலையில் அவளும் இருந்திருப்பாள். பதினோரு வருஷமும் அங்கே யாரும் இல்லை, அவள்தான் வெறும் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஒவ்வொரு வாய் இட்லிக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள்.

கிளம்புகிற அன்று, அணிவகுப்பில் கொடுத்த சிவப்புப் பையொன்றைக் விஜயலட்சுமி கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள். ஒரு தண்ணீர்ப் பாட்டில், பிஸ்கட்டு, ஒரு விசிறி, சின்னதாக ஒரு கொடி. "பூவிழிக்குக் கொடுங்க அண்ணி." பித்தளைத் தட்டைக் கழுவித் துடைத்து அதே பையில் வைத்திருந்தாள். நல்ல பெண்தான், குறை சொல்ல முடியாது.

ஊருக்கு வந்து சேர்ந்தபோது வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நாற்றங்கால் ஒரு விரல் உயரம் வந்திருந்தது. அவள் வரப்பில் நிற்காமல் நேரே வீட்டுக்குப் போனாள். தெருவில் நாலு பேர் வழி மறித்தார்கள். "மாமன் வர்றாரா?" என்றார்கள். அவள் ஆமென்றும் இல்லையென்றும் படாதபடி தலையை ஆட்டிவிட்டு நடந்தாள்.

இராஜாங்கம் கட்டிலில் தலையைத் தூக்கிப் பார்த்தான். பூவிழி அடுப்படியிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள்.

"என்ன மலரு, என்ன சொன்னான்?"

மலர்க்கொடி சிவப்புப் பையைத் தரையில் வைத்தாள். யாரையும் பார்க்காமல் தட்டை வெளியே எடுத்துச் சுவரில் சாய்த்தாள்.

"கோவம் தீரலைங்க," என்றாள். "கதவயே தொறக்கல. வாசல்லயே நின்னேன். அப்பறமா தொறந்து, கத்துனான் பாருங்க ஒரு கத்து, அந்த மாடியே கூடிப்போச்சு. பத்திரத்த நீட்டுனேன். உன் நெலம் யாருக்கு வேணும்னு மூஞ்சில வீசிட்டான். நான்தான் பொறுக்கி, பத்திரிகையோட சேத்து அவன் வாசல்ல வச்சிட்டு வந்தேன்."

பூவிழி உதட்டைக் கடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்தாள். சிவப்புப் பையையும் பார்த்தாள்.

இராஜாங்கம் மட்டும் தலையைத் திரும்பத் தலையணையில் சாய்த்துக்கொண்டு, வெகுநாளைக்குப் பிறகு லேசாகச் சிரித்தான்.

"இத்தன வருசமும் அந்தக் கோவத்த வச்சிருக்கான்னா, உம்மேல எவ்வளவு பாசம் இருக்கணும் பாரேன்."

"ஆமாங்க," என்றாள் மலர்க்கொடி. அலமாரியைத் திறந்து, பத்திரிகைக் கட்டின் நூலைப் பிரித்தாள்.